பாலத்துக்கு அடியில் இருந்தவன்

பிப்ரவரி 9, திங்கட்கிழமை காலை, மத்தியச் சிறையின் நூலக அறையில் முப்பத்தொரு கருத்துச் சீட்டுகள் சேர்ந்திருந்தன.

எல்லாமே புதிதாக வந்த ஒரே படக்கதைப் புத்தகத்தைப் பற்றியவை.

இருபது வருடமாக ஊரைக் காப்பாற்றிவந்த வெண்கவசம் அதில் வில்லன். இருபது வருடமாக அடி வாங்கிவந்த கரிமுகன் அதில் நாயகன். பழைய புத்தகத்தில் ஆற்றுப் பாலத்தை உடைத்தவன் கரிமுகன். புதியதில் வெண்கவசத்தின் குத்து தவறித் தூணில் விழுகிறது. சரியும் பாலத்தைத் தோளில் தாங்கி நிற்பவன் கரிமுகன்.

கைதிகள் ஏறக்குறைய எல்லோரும் கரிமுகன் கட்சி.

விரல் என்று பெயரெடுத்த பிக்பாக்கெட்காரர், வெண்கவசத்தின் இடுப்புப் பட்டையைத் தான் இரண்டு நொடியில் உருவியிருப்பேன் என்று எழுதியிருந்தார். சமையல்கட்டில் வேலை பார்ப்பவர், முகமூடி போட்டவனின் சாட்சி எந்தக் கோர்ட்டிலும் நிற்காது, கரிமுகனுக்கு நல்ல வக்கீல் அமையவில்லை என்று வருத்தப்பட்டிருந்தார்.

பத்து மணிக்கு நன்னடத்தை அதிகாரியின் அறிவிப்பு வந்தது. சீட்டுகள் அனைத்தும் அவரவர் விடுதலைக் கோப்பில் சேர்க்கப்படும்.

பதினொரு மணிக்கு நூலக வாசலில் வரிசை நின்றது. ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது என்றார்கள்.

மாலைக்குள் முப்பது பேர் வெண்கவசத்தின் ரசிகர்கள் ஆகிவிட்டார்கள். சட்டத்தை மதிப்பவனே வெல்வான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விரல் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு போனார்.

தையல் கூடத்தில் இருந்த பெரியவர் மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை முன்விடுதலை விசாரணை அவருக்குத்தான். சிறையில் பதின்மூன்று வருடம் முடிந்துவிட்டது. இரண்டு முறை விடுதலைக் குழு மறுத்திருந்தது. இது மூன்றாவது. இதுவும் போனால் அடுத்தது ஐந்து வருடம் கழித்து. அவருக்கு இப்போதே அறுபத்தாறு.

நூலகக் காவலருக்கு அவருடைய வழக்கு என்னவென்று தெரியாது. புத்தகம் வாங்க வருபவரிடம் என்ன செய்துவிட்டு வந்தாய் என்று கேட்பதில்லை, கோப்பையும் புரட்டுவதில்லை என்பதைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து வழக்கமாக வைத்திருந்தார். மாதம் தவறாமல் வரும் மகளை மட்டும் தெரியும். காகிதக் கட்டு பிதுங்கும் பையோடு வருவாள். அப்பாவிடம் பேசும் நேரத்தைவிட வக்கீல்களிடம் பேசும் நேரம்தான் அதிகம் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

காவலர் பெரியவரின் சீட்டை எடுத்துப் படித்தார்.

பழைய கதையில் ஒருவன் நல்லவன், புதிய கதையில் இன்னொருவன் நல்லவன். இரண்டிலும் பாலத்துக்கு அடியில் ஒருவன் சாகிறான். இருபத்திரண்டாம் பக்கத்தில் அவன் கை மட்டும் தெரிகிறது. யார் நல்லவன் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவன் யார் என்று யாரும் எழுதவில்லை.

கீழே ஒரு பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்தாறு.

காவலர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். இருபத்திரண்டாம் பக்கத்தின் மூலையில், கற்களுக்கு நடுவே, நகம் அளவுக்கு ஒரு கை இருந்தது. அந்தப் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. பெரியவர் கற்பனையாக வைத்திருக்கிறார் என்று நினைத்தார்.

ஆனாலும் வெண்கவசத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்று அவருக்கு உறுத்தியது. சீட்டை எடுத்துக்கொண்டு தையல் கூடத்துக்கே போனார்.

"ஒரு வரி மாத்திக் குடுத்துடுங்க பெரியவரே. உங்க பொண்ணுக்காகவாவது. மத்த எல்லாரும் மாத்திட்டாங்க."

பெரியவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அவங்க கதையைப் பத்தி எழுதினாங்க சார். மாத்திக்கலாம்."

காவலர் சீட்டை அப்படியே கோப்பில் சேர்த்தார்.

வியாழக்கிழமை பெரியவரை விசாரணை அறைக்கு அழைத்துப் போனதும் அவர்தான். குழுவில் மூன்று பேர். மகள் பின்வரிசையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் அம்மாள் சீட்டைப் படித்தார். பிறகு தீர்ப்பு நகலை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். இந்தப் பெயரை எழுதியது ஏன் என்று கேட்டார்.

பெரியவர் குழுவுக்குப் பதில் சொல்லவில்லை. பின்வரிசைப் பக்கம் திரும்பி, அவனைக் கொன்றது தான்தான் என்றார்.

பதின்மூன்று வருடத்தில், மூன்று மேல்முறையீட்டில், அன்று அந்த இடத்திலேயே தான் இல்லை என்று சொல்லிவந்தவர் அவர். அதை ஒவ்வொரு நீதிமன்றமாகத் தூக்கிக்கொண்டு போனவள் மகள்.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். எழுந்தாள். கதவை இழுக்க வேண்டுமா தள்ள வேண்டுமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். காவலர் திறந்துவிட்டார்.

குழு இருபது நிமிடம் பேசியது. முந்தைய இரண்டு மறுப்புக்கும் காரணம் ஒன்றேதான்: செய்த குற்றத்தை ஏற்கவில்லை. இந்த முறை அந்தக் காரணம் இல்லை. விடுதலை வழங்கப்பட்டது.

உத்தரவு மாலையில் தயாரானது. யாருடைய பொறுப்பில் வெளியே செல்கிறார் என்று ஒரு கட்டம் இருந்தது. விதிப்படி அதை நிரப்புவது கட்டாயம் இல்லை.

பெரியவர் அதைக் காலியாக விட்டுக் கையெழுத்திட்டார்.