நாலரை மீட்டருக்குள்

பார்க்கும் துளை முழுவதையும் ஒரு தும்பிக்கை அடைத்துக்கொண்டது.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் இரும்புச் சுவர் இடித்தது.

நீர்க்குட்டையின் ஓரத்தில் மண்ணுக்குள் புதைத்த இரும்புப் பெட்டி அது. தரைமட்டத்தில் நீளமாக ஒரு துளை. பின்பக்கம் ஒரு கதவு, மேலே ஏறப் படிகள். ஒளிந்திருந்து படமெடுக்க, கென்யாவில் இப்படியும் ஒரு வசதி.

வாக்கி டாக்கி கரகரத்தது. ஜீப்பில் காத்திருக்கும் பயண ஏற்பாட்டாளர் பொன்சிங்.

“அக்கா, வெளிய வந்துராதீய. படி வாசல்லயும் இன்னொரு பெரிய ஆளு நிக்காரு. யானைய கிட்டப் பாக்கலன்னு புலம்புனீயளே, இப்ப எடுத்துத் தள்ளுங்க!”

எடுக்கத்தான் முடியவில்லை.

அவளிடம் இருந்தது தூர லென்ஸ். நாலரை மீட்டருக்குள் இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. சின்ன லென்ஸ்கள் ஜீப்பில். முதுமலையில் தூரத்து மிருகங்களுக்கே பழகிய கை, காலையில் இதை மட்டும் எடுத்து வந்துவிட்டது.

“எல்லாம் நல்லா இருக்கு மேடம். ஆனா எல்லாமே பார்த்த படம்.” கண்காட்சிக்கு அவள் அனுப்பிய படங்கள் இந்தப் பதிலோடுதான் திரும்பி வந்தன. யாரும் பார்க்காத ஒரே ஒரு படத்துக்காகத்தான் ஆப்பிரிக்கா.

அது இதோ, கையெட்டும் தூரத்தில்.

ஈரமான இரண்டு துவாரங்கள். சேறு காய்ந்த சுருக்கங்கள். அது மூச்சுவிட்டபோது அவள் நெற்றி முடி பறந்தது.

ஃபோகஸ் வளையத்தைத் திருகினாள்.

மங்கல்.

மறுபடி.

மங்கல்.

யானையின் கனத்தில் தலைக்கு மேல் இரும்பு முனகியது. மண் உதிர்ந்தது. பெட்டி சின்னதாகிக்கொண்டே வருவதுபோல் இருந்தது.

இத்தனை புழுதியில் எந்தப் புகைப்படக்காரரும் செய்யாததை அவள் செய்தாள்.

லென்ஸைக் கழற்றினாள்.

வெறும் கேமராவைத் துளையருகே நீட்டினாள். யானை அதற்குள்ளேயே மூச்சுவிட்டது.

அழுத்தினாள்.

திரையில் யானை இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வெதுவெதுப்பு. ஓரத்தில் வெயில் கசிந்த செம்மை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத ஏதோ ஒன்று.

இமைக்காமல் பார்த்தாள். இப்படி ஒரு படத்தை அவளே பார்த்ததில்லை.

“அக்கா, வாசல்ல நின்னவரு போயிட்டாரு. சட்டுனு வந்துருங்க. வண்டியப் பக்கத்துல கொண்டாரேன்.”

தும்பிக்கை இன்னும் துளையில்தான் இருந்தது.

அவள் எழுந்தாள். குனிந்தபடியே கதவுவரை போனாள்.

உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.