பத்தொன்பதாம் பக்கம்

"நாற்பது பேர்ல முப்பத்தொன்பது பேர் பட்டனை அழுத்தியாச்சு. இந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்?"

கணினி ஆசிரியர் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் வகுப்பாசிரியைக்குப் பட்டது.

பள்ளிக்குப் புதிதாக ஓர் இணையதளம் வந்திருந்தது. வருகை, மதிப்பெண், பிள்ளை சாப்பிடும் மருந்து மாத்திரை வரை எல்லாம் அதில் ஏறிவிடும். பெற்றோர் விவரங்களை நிரப்பிவிட்டு, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பச்சைப் பட்டனை அழுத்தினால் போதும். இன்று கடைசி நாள். அவளுடைய வகுப்பில் ஒரே ஒரு மாணவனின் அப்பா மட்டும் அழுத்தவில்லை. நிபந்தனைகள் முப்பத்தோரு பக்கத்தையும் அச்செடுத்துக் கேட்டாராம்; ஆசிரியர் அறையில் அவருக்கு 'முப்பத்தோரு பக்கம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

மதிய இடைவேளையில் அந்த அப்பா வந்து நின்றார். கையில் ஒரு கட்டு காகிதம். ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"உட்காருங்க சார். என்னதான் பிரச்சினை?"

"இதைப் படிச்சேன் டீச்சர். அதான் பிரச்சினை."

"அதையெல்லாம் யாராவது படிப்பாங்களா சார்?" என்று சிரித்தார் கணினி ஆசிரியர். "இந்த வகுப்புப் பெற்றோர்லயே வக்கீல் ஒருத்தர் இருக்கார், அவரே படிக்கலை."

"பட்டனுக்கு மேலேயே 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு போட்டிருக்கே சார். படிக்காம எப்படி அழுத்தறது?"

வகுப்பாசிரியைக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணும் இதே வகுப்புதான். மொத ஆளா நான்தான் அழுத்தினேன். பத்து செகண்டுகூட ஆகலை."

அந்த அப்பா காகிதத்தைப் புரட்டினார்.

"மொதல் பக்கத்துல, 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு உயிர்'னு ஆரம்பிக்கறாங்க. பதினெட்டு பக்கம் வரைக்கும் அதே பாசம்தான். பத்தொன்பதாம் பக்கத்துல குரல் மாறுது பாருங்க. 'மாணவரின் உடல்நல விவரங்களை எங்கள் கூட்டாளிகளுடன் பகிரலாம்.' கூட்டாளிங்க யாருன்னு முப்பத்தோரு பக்கத்துலயும் தேடிட்டேன். ஆளையே காணோம்."

"மறைக்கறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே சார் பயப்படணும்?" என்றாள் அவள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்க பையனுக்கு உடம்புக்கு ஏதாவது..."

"அவனுக்கா? கல்லைக் கொடுத்தாலும் கடிச்சுத் தின்னுட்டுத் தண்ணி கேப்பான்!"

"அப்புறம் என்ன?"

"அதே பக்கத்துல, கீழே, எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி. பெற்றோர்ல ஒருத்தர் எழுத்து மூலமா மறுத்தாலும், அந்த வகுப்பு மொத்தத்துக்கும் பகிர்றதை நிறுத்திடணுமாம். ஒருத்தர் போதும். ஆனா இன்னைக்குள்ள கொடுக்கணும்."

கணினி ஆசிரியர் காகிதத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றுவிட்டது. "இது எப்படி சார் உங்க கண்ணுல மட்டும் பட்டுச்சு?"

"மருந்துக்கடையில வேலை சார். மாத்திரை டப்பாக்குள்ள எட்டா மடிச்சு ஒரு காகிதம் வைப்பான் இல்லையா, அதைப் படிச்சுப் பழகின கண்ணு. நமக்கு ஆகாததையெல்லாம் பொடி எழுத்துலதான் போடுவான்."

மணி அடித்தது. கணினி ஆசிரியர் வகுப்புக்குக் கிளம்பிப் போனார்.

அந்த அப்பா சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலே வரி. கீழே கையெழுத்து.

அவள் அதைத் தொடவில்லை. "எனக்குப் புரியலை சார். உங்க பையனுக்கு ஒண்ணுமில்லை. வேலையை விட்டுட்டு வந்து நிக்கறீங்க. யாருக்காக இவ்வளவு பாடு?"

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இந்த வகுப்புல ஒரு பிள்ளை தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுது டீச்சர். மருந்துச் சீட்டுல இருந்த பேரை வகுப்புப் பட்டியல்லயும் பார்த்தேன். அவங்க வீட்டுலயும் பட்டனை அழுத்தியிருக்காங்க. என்ன மாத்திரைன்னு கேக்காதீங்க."

"யாரு?" என்று கேட்டுவிட்டாள்.

"என் வீட்டுக்காரிக்கே சொன்னதில்லை டீச்சர்."

"சரி, அவங்களையே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். பாவம், இன்னும் தூரமா வேற ஒரு கடையைத் தேடிப் போகணும்."

அவள் கடிதத்தைக் கையில் எடுத்தாள். "இது வெளியே தெரிஞ்சா, உங்க பையனுக்குத்தான் ஏதோ கோளாறுன்னு பேசுவாங்க சார்."

"பேசட்டுமே. அவனுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, தாங்கிப்பான். நிஜமாவே இருக்கற பிள்ளையைப் பேசினாத்தான் தாங்காது."

எழுந்துகொண்டார். காகிதக் கட்டைத் தட்டி ஒழுங்கு செய்தபடியே, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்.

"அந்தப் பிள்ளையோட அப்பாவைப் பார்த்தா மனசு கேக்காது டீச்சர். சீட்டுல இருக்கற விலாசத்துக்குப் பக்கத்துலயே மருந்துக்கடை இருந்தும், மாசாமாசம் ஊரோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு வரார். கடைக்குள்ள நின்னாலும் ஹெல்மெட்டைக் கழட்டறதில்லை. முகமே நான் பார்த்ததில்லை."

அவள் கடிதத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"தலைமையாசிரியர்கிட்ட சேர்த்துடுவீங்களா டீச்சர்? இன்னைக்குக் கடைசி நாள்."

"நானே... நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன் சார்."

அவர் போய்விட்டார். அவள் கடிதத்தோடு தலைமையாசிரியர் அறையை நோக்கி நடந்தாள்.

"என்ன ஆனாலும் ஹெல்மெட்டைக் கழட்டிடாதீங்க" என்று ஒவ்வொரு மாதமும் கணவனிடம் சொல்லி அனுப்புகிறவள் அவள்தான்.