இரண்டு கோட் தார்

எழுபத்துநாலில் மழை தொடங்கும் முன்பே என் ஜீப்பின் அடிப்பக்கத்துக்கு நானே தார் காய்ச்சி இரண்டு கோட் பூசிவிட்டேன். சாந்தன்பாறை ஈரத்துக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

அதை நம்பித்தான் பெரியமுத்து ஓடிவந்தான்.

“மிக்கேலண்ணே, வேலுத்தாய்க்கு வலி எடுத்திருச்சு. இந்த மழைக்கு உங்க வண்டிதான் தாங்கும்.”

அவன் மனைவியைப் பின்னால் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மூன்றாவது வளைவில் நீர் நிறைந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் வண்டி நகரவில்லை. வேலுத்தாய் பல்லைக் கடித்து முனகினாள்.

பெரியமுத்து குதித்து இறங்கினான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க நான் வைத்திருந்த டின்னை எடுத்துப் பள்ளத்து நீரை இறைக்க ஆரம்பித்தான்.

“என்னால வந்த வினைடா இது” என்றேன்.

“நீங்க என்ன செய்வீக அண்ணே? இந்தப் பள்ளத்த மூடத்தான் போன மாசம் தார் வந்துச்சு. வேலை தொடங்குறதுக்குள்ள எவனோ டின்னோட களவாண்டுட்டுப் போயிட்டான். அவன் வீட்லயும் பொம்பளைக இருப்பாகல்ல?”

உள்ளே வேலுத்தாய் அலறினாள்.

“கொண்டா, நான் இறைக்கேன்” என்று, போன மாதம் அங்கிருந்து நான் தூக்கிப்போன டின்னை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.