மாமனாரின் மோட்டார் சைக்கிள்

மாமனார் வீட்டுக் கொட்டகையில், கிழிந்த மெத்தைகளுக்கு அடியில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இருபது வருஷமா ஓடாத வண்டி மாப்பிள்ளை. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்," என்றார் மாமனார்.

"சும்மா இருங்க மாமா. இதுக்கு நான் உயிர் கொடுக்கிறேன்."

ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. துருவைச் சுரண்டினான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். மாமியார் மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார். மாமனாரோ பக்கத்தில் நாற்காலி போட்டு, "இது தேறாது மாப்பிள்ளை," என்று பெருமூச்சு விட்டார். பழைய நினைவுகள் மனிதரை வாட்டுகின்றன என்று மருமகன் உருகினான்.

ஒரு காலை, நாலாவது உதையில் வண்டி உறுமியது. மாமனாரின் கண் கலங்கிவிட்டது.

"ஏறுங்க மாமா, முதல் ரவுண்டு நீங்கதான்!"

"எனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமியார் வண்டியில் ஏறிவிட்டார். "என்னங்க, பின்னால உட்காருங்க. இறுக்கிப் பிடிச்சுக்குங்க!"

மாமனார் மருமகனின் காதைக் கடித்தார்:

"இவ ஓட்டுற வேகத்துக்குப் பயந்துதான், என்ஜினே போச்சுன்னு இவளை இருபது வருஷமா நம்ப வச்சிருந்தேன். கெடுத்துட்டீங்களே மாப்பிள்ளை!"