டிரம்முக்கு ஒரு கரண்டி

"ஒரு கரண்டியைத் தொட்டதுக்கு அந்தக் குளத்துக்காரி என்ன கத்து கத்தினா தெரியுமா? அவ்வளவு திமிர்!"

"நாத்தனார் சிபாரிசுல வந்தவளாம். அப்புறம் ஏன் இருக்காது?"

உடை மாற்றும் அறையின் தடுப்புக்கு இந்தப் பக்கம் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த ஸ்டோர் அக்காவின் கை அப்படியே நின்றது.

அந்த நாத்தனார் அவள்தான்.

கிளப்பில் இருபத்திரண்டு வருஷம். சோப்பு முதல் பல்பு வரை அவள் பொறுப்பு. இடுப்பில் தொங்கும் கொத்தில் இல்லாத சாவி கிடையாது. அவள் அலமாரியில் ஒரே சாமான் இரண்டு டப்பாவில் பாதி பாதியாகக் கிடந்து யாரும் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தம்பி பெண்டாட்டிக்கு நீச்சல் குளத்தைப் பராமரிக்கும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவளே. ஒரு வருஷம் தற்காலிகம். இன்று செயலாளர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, நிரந்தரமா, வீட்டுக்கா என்று சொல்லப் போகிறார்.

இந்த நேரம் பார்த்தா இப்படி ஒரு பேர்!

தம்பி பெண்டாட்டியிடம் காலையில்கூடச் சொன்னாள். "உறுப்பினருங்ககிட்டக் கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துப் போயேம்மா."

"மருந்துக் கரண்டியை எடுத்துத் தண்ணியில முக்கிட்டு, ஈரத்தோட வந்து நிக்கிறவங்ககிட்ட எப்படி அண்ணி வளையறது?"

இப்படித்தான். வாயைத் திறந்தால் பதில் ரெடி.

ஸ்டோர் அக்கா குளத்தங்கரைக்குப் போனாள். தம்பி பெண்டாட்டி அந்தக் கோடியில் குனிந்து, சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, குளத்து மருந்தறையாவது பார்க்கும்படி இருக்கிறதா என்று ஸ்டோர் அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தாள்.

ஒரு சுவரோரம் நீல டிரம், பாதி. எதிர்ச் சுவரோரம் வெள்ளை டிரம், அதுவும் பாதி. இரண்டிலும் குளோரின் என்றுதான் போட்டிருந்தது. டிரம்முக்கு ஒரு கரண்டி வேறு, நிறம் நிறமாக டேப் சுற்றி.

செயலாளர் கண்ணில் இது பட்டால் என் மானம்தான் போகும் என்று நினைத்தாள். நாம் செய்துகொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை.

வீட்டில் சர்க்கரை டப்பாக்களை ஒன்றாக்குவது போல, நீலத்திலிருந்து அள்ளி வெள்ளையில் போட்டாள். ஒரு கரண்டி. இரண்டாவது கரண்டி.

சுரீரென்று ஒரு நெடி மூக்கில் ஏறியது. டிரம்முக்குள்ளிருந்து மெல்லிய புகை. பதறிப்போய், வாசலில் தரை துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தூக்கினாள்.

"அண்ணி! தண்ணி ஊத்தாதீங்க!"

ஓடி வந்தவள் இழுத்த இழுப்பில் வாளி வெளியே உருண்டது. ஸ்டோர் அக்கா புல்தரையில் போய் விழுந்தாள்.

அடுத்த நொடி விசில். "எல்லாரும் மேல ஏறுங்க! செருப்பு, பை எதையும் தேடாதீங்க! கேட்டுக்கு ஓடுங்க! புகை வர்ற பக்கம் நிக்காதீங்க!"

ஈரத் துண்டோடு கேட்டருகே நின்ற, உடை மாற்றும் அறையில் பேசிய அந்த இரண்டு பெண்களும் பல்லைக் கடித்தார்கள். "அதிகாரத்தைப் பாரேன்!"

முகமூடி போட்ட தீயணைப்பு ஆட்கள் வந்து டிரம்மை வெளியே கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆனது. அவர்களின் தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ரெண்டும் குளோரின்தான். ஆனா வேற வேற வகை, சேந்தா பத்திக்கும். அந்த வாளித் தண்ணி மட்டும் உள்ள விழுந்திருந்தா... யாரும்மா தடுத்தது?"

தம்பி பெண்டாட்டி கேட்டருகே நின்றவர்களின் தலையை எண்ணிக்கொண்டிருந்தாள். "இருபத்தாறு, இருபத்தேழு. சரியா இருக்கு."

செயலாளர் வந்து சேர்ந்தார். அக்குளில் ஒரு கோப்பு. "யார் இதைக் கலந்தது?"

ஸ்டோர் அக்கா இடுப்புச் சாவிக்கொத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"அண்ணி நல்ல எண்ணத்துல ஒழுங்குபண்ணப் போயிட்டாங்க சார். அவங்களுக்கு இது தெரியாது. கதவைப் பூட்டாம விட்டது நான்தான். தப்பு என்னோடது."

"மருந்தறையைப் பூட்டாம விட்டியா? உன்னை நம்பி எப்படிம்மா குளத்தை ஒப்படைக்கிறது?"

அவர் கோப்பைத் திறக்கவே இல்லை.

"நான் சொல்லலை?" என்றது ஈரத் துண்டு ஒன்று, இன்னொன்றிடம்.

ஸ்டோர் அக்கா தம்பி பெண்டாட்டியையே பார்த்தாள். முழங்கையில் சிராய்ப்பு. கழுத்தில் இன்னும் விசில். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள், முதல் தடவையாகத் தலைகுனிந்து நிற்கிறாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தன் மேல் தப்பு என்று சொல்லாத ஸ்டோர் அக்கா, சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு முன்னால் வந்தாள்.

"பொய் சொல்றா சார்."

எல்லாரும் திரும்பினார்கள். அந்த இரண்டு ஈரத் துண்டுகளும்தான்.

"கதவு பூட்டித்தான் இருந்துச்சு. அதைப் பூட்டாம நகர்ற ஆள் இல்லை இவ. என் தம்பி பெண்டாட்டி!" கேட் வரைக்கும் எட்டியது அந்தக் குரல். "என்கிட்ட இருந்த சாவியைப் போட்டுத் திறந்தது நான்."

சொல்லிவிட்டு, இடுப்புக் கொத்திலிருந்து மருந்தறைச் சாவியைக் கழற்றி, தம்பி பெண்டாட்டியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.