கேமராவைப் பிடித்தவள்

மாடி வீட்டின் கதவைச் சாவி போட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடி ஊதும் கலைஞியைப் பற்றிக் குறும்படம் எடுக்க வெளியூர் போயிருந்த கணவர், பெட்டியைப் போட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.

திரையில், உலை முன்னால் அந்தக் கலைஞி நீளக் குழாயை ஊதிக்கொண்டிருந்தாள். இவரும் வாங்கி ஊதிப் பார்த்தார், புரையேறிச் சிரித்தார். கேமரா கலைஞியை விட்டுவிட்டு இவர் முகத்திலேயே ஒட்டிக்கொண்டது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் செல்லமாகச் சிரித்தாள்.

இத்தனை நாள் வீட்டைக் காவல் காத்த மனைவி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"தனியாப் போறேன்னுதானே போனீங்க? உங்களை இப்படி ஆசை ஆசையா எடுத்த மகராசி யாரு?"

"நல்லாருக்கே! நீதான்டி எடுத்தே. 'செருப்பு வார் அறுந்துபோச்சு, நீங்க முன்னாடி ஏறுங்க'ன்னு சொல்லிட்டு இப்பத்தானே கீழே படிக்கட்டுல நின்னே, அதுக்குள்ள எப்படி மேலே வந்தே?"