எட்டுக் கிலோ

"போன தடவை பை கனத்து, பாதி மலையில திரும்பி வந்தேன். இந்தத் தடவை எட்டு கிலோவுக்கு மேல ஒரு கிராம் கூடாது" என்றபடி, டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தார் கணவர்.

"பல்லுல ரெண்டைக் கழட்டி வச்சிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. கூடாரத்தின் லேபிளைக் கிழித்தார். சோப்பைப் பாதியாக்கினார். வரைபடத்தின் ஓரங்களை வெட்டினார். அப்படியும் தராசு எட்டுக் கிலோ பத்து கிராம் காட்டியது.

விடிந்ததும் வாசல்வரை போனவர், பையை இறக்கிவைத்து, வார்களின் தொங்கும் நுனிகளையும் நறுக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

மதியம் போன் வந்தது.

"பாதி மலை தாண்டியாச்சு! கூட வந்தவங்க ஒருத்தரும் கண்ணுக்கே தெரியல, அவ்வளவு பின்தங்கிட்டாங்க. எனக்கு முதுகுல பை இருக்கறதே தெரியல. கிண்டல் பண்ணினியே, இப்ப என்ன சொல்ற?"

"எப்படிங்க தெரியும்? பை இங்க வாசல்லயே இருக்கு."

அவர் கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சரி, அதைத் தராசுல வச்சுப் பாரு... எட்டுக்குள்ள வந்துடுச்சா?"